மாறுபட்ட கருத்தும் மனம் நோகாத மொழியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாப் பேருரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் கொல்லாமையைப் பற்றிப் பேசுவது எளிது. கேட்போர் அனைவரும் அதனை முன்னரே ஏற்றுக்கொண்டவர்கள். பேசுவோர் வாய் திறக்குமுன்னரே தலைகள் அசைகின்றன. அதே சொற்களை மேடையைவிட்டு இறங்கி, ஆம்பூர்ப் பேருந்து நிலையத்திலோ வாணியம்பாடிக் கடைத்தெருவிலோ சொல்லிப் பார்க்கும்போதுதான் அவற்றின் எடை தெரியும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் இப்பகுதியில், பாலாற்றின் இரு கரைகளிலும் பல்லாயிரம் குடும்பங்கள் தோல் பதனிட்டும் காலணி தைத்தும் உலையேற்றுகின்றன. அவர்கள் நடுவே நின்று, 'தோல் என்பது உயிர்க்கொலையின் விளைவு' என்று ஒரு சமணர் கூறினால் அது அறவுரையாகக் கேட்பதில்லை. 'நீ உண்ணும் சோறு தீயது' என்றே கேட்கிறது.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் சமணர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களுக்குள்ளும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நயினார்கள் மேலும் சிறிய தொகையினர். இத்துணைச் சிறிய சமூகம், பெரும்பான்மையோர் ஏற்காத ஒரு பொதுக்கருத்தை நெஞ்சில் வைத்திருக்கும்போது இரண்டு வழிகள் கண்முன் நிற்கின்றன. ஒன்று, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்மூடி இருப்பது. மற்றொன்று, அதிகாரத்தில் இருப்பவர்களை அணுகிச் சட்டமாக்கித் தருமாறு கேட்பது. இரண்டும் அடிக்கடி நடைபெறுகின்றன. அண்டை வீட்டாரிடம் நேரில் சொல்லி, அவர் முகம் திருப்பிக்கொள்ளாமல் கேட்கச் செய்வது என்னும் மூன்றாம் வழிதான் அரிதாக உள்ளது.

சமணர் இந்நிலத்துக்கு வந்தேறிகள் அல்லர் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்திலேயே மலையாம்பட்டை அடுத்த ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் சமண ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. வள்ளிமலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. ஆகவே இங்குப் பேசுபவரும் கேட்பவரும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்தவர்கள். வெளியிலிருந்து வந்து அறிவுரை கூறுபவரின் குரலில் ஒரு சமணர் இங்கே பேச வேண்டிய தேவையே இல்லை.

வழிகாட்டி தேடி வேறெங்கும் செல்ல வேண்டியதும் இல்லை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி, வாதத்திற்கென்றே பிறந்த நூல். அதன் தொடக்கக் கதை பலரும் அறிந்ததே. ஆயினும் அதிலுள்ள நுட்பம் ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. காளிக்கு வேண்டுதல் செலுத்த உயிர்களைக் கொண்டுவந்த மக்களை முனிச்சந்திரர் என்னும் முனிவர் சந்திக்கிறார். அவர்களுடைய பக்தியை அவர் இகழவில்லை. காளியைப் பழிக்கவும் இல்லை. மண்ணால் செய்த உருவங்களைப் படைத்தாலே வேண்டுதல் நிறைவேறும் என்று கூறுகிறார். மக்கள் இசைந்து போகின்றனர். வேண்டுதல் அப்படியே இருக்கிறது. கோயிலும் அப்படியே இருக்கிறது. கத்தி மட்டும் விழவில்லை. தம் நம்பிக்கையில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காத ஒரு துறவி, கேட்போர் இழக்க வேண்டியதை எத்துணைச் சிறிதாக்கித் தருகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

அதனால் சினந்த காளி, திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். முனிவரை அச்சுறுத்த வந்த நீலி, அவர் அஞ்சாததைக் கண்டு மாணவியாகிறாள். பின்னர் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவரோடும் வாதிடுகிறாள். அவ்வாதங்களில் கடுமை இல்லை என்று கூற இயலாது. அக்காலத்து வாதமேடையின் வழக்கம் அது. ஆயினும் எதிராளியின் கூற்றை முழுமையாக எடுத்துச் சொல்லிய பின்னரே மறுக்கும் முறை அதில் உண்டு. அதனால் விளைந்த நன்மை ஒன்று வியப்பிற்குரியது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் பகுதிகள் சில நமக்குத் தெரிய வருவதே அதனை மறுத்த நீலகேசியின் உரை வழியாகத்தான். மறுத்தவர் கைகளில் மறுக்கப்பட்டவரின் சொல் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. 1936-ஆம் ஆண்டு அந்நூலை உரையோடு பதிப்பித்து உலகறியச் செய்தவர் தமிழ்ச் சமணப் பேரறிஞர் அ. சக்கரவர்த்தி நயினார் என்பது இச்சமூகம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

அநேகாந்தம் என்னும் சொல் விழா மலர்களில் அடிக்கடி அடிபடுகிறது. 'எல்லாம் சரிதான்' என்பதே அதன் பொருள் என்று சிலர் எளிதாக முடித்துவிடுகின்றனர். அது தவறு. முனிச்சந்திரர் உயிர்ப்பலியும் ஒருவகையில் நன்று என்று கூறவில்லை. பொருள் பல தன்மைகளை உடையது. ஒரு நேரத்தில் ஒருவர் காண்பது ஒரு பக்கம். அப்பக்கத்தைச் சமணத் தருக்கம் 'நயம்' என்கிறது. தான் கண்ட பக்கம் மட்டுமே உண்டு, ஏனையவை இல்லை என்று அடித்துப் பேசும்போது அது 'துர்நயம்' ஆகிவிடுகிறது. தமிழில் நயம் என்றால் இனிமை, நன்மை, மென்மை என்றெல்லாம் பொருள். வடமொழித் தருக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒலியால் ஒன்றானது தற்செயலாகவே இருக்கலாம். தமிழாசிரியர்க்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இக்கொள்கையை அரசியல் வாழ்வில் எடுத்தாண்டவர் காந்தியடிகள். 1926 சனவரியில் 'யங் இந்தியா' இதழில் அவர் அநேகாந்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர் இசுலாமியரை அவருடைய நிலையிலிருந்தும், ஒரு கிறித்தவரை அவருடைய நிலையிலிருந்தும் மதிப்பிட இக்கோட்பாடே தமக்குக் கற்றுத் தந்தது என்பது அவர் கருத்து. தோல் வணிகத்தில் இசுலாமியப் பெருமக்களும், தோல் பதனிடும் கடும் உழைப்பில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும் ஈடுபட்டுள்ள இப்பகுதியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு.

சட்டத்தின் துணையை நாடும் வழி என்னவாகிறது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. அகமதாபாத் நகரில் பரியூஷண நாள்களில் ஒன்பது நாள் இறைச்சிக்கூடங்களை மூடும் ஆணையை 2008-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சமணர் பலர் மகிழ்ந்தனர். 2015 செப்டம்பரில் மும்பையில் அதுபோன்ற தடை வந்தபோது நடந்ததோ வேறு. எதிர்ப்பாளர்கள் தெருவில் இறைச்சிக் கடை விரித்தனர். அதுவரை சமணத்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாதிருந்த எளிய மக்கள், 'இவர்கள் நம் தட்டில் கை வைக்கிறார்கள்' என்று பேசத் தொடங்கினர். மும்பை உயர் நீதிமன்றம் விற்பனைத் தடையை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. வழக்கில் வெல்வதும் தோற்பதும் ஒருபுறம் இருக்கட்டும். தடையால் கடை மூடிய வீட்டார், மறுநாள் கொல்லாமையைப் பற்றி ஒரு சொல்லாவது காதுகொடுத்துக் கேட்டிருப்பார்களா? தமிழ்நாட்டிலும் மகாவீரர் ஜெயந்தி அன்று இறைச்சிக் கடைகள் மூடப்படுகின்றன. அந்நாளின் பொருள் என்ன என்று கடைக்காரரிடம் எந்தச் சமணராவது இதுவரை சொல்லியிருக்கிறாரா என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

இனிப் பாலாற்றுக்கு வரலாம்.

நந்திமலையில் தோன்றி, கோலாரையும் குப்பம் பகுதியையும் கடந்து, வாணியம்பாடி அருகே தமிழ்நாட்டில் நுழையும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்தாலும் மணலுக்கு அடியில் ஓடும் நீரால் ஊர்களை வாழவைத்தது. 'தோல்ஷாப்பு' என்று மக்கள் வழங்கும் தொழிற்கூடங்களின் கழிவு அந்நீரில் கலந்தது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகவும், குரோமியப் பதனிடலில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதாகவும், ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாவதாகவும் அம்மனு கூறியது. அன்றைய ஆம்பூரில் அது பெரும்பான்மையோர் விரும்பிய கருத்து அன்று. ஆலை மூடினால் கூலி நிற்கும் என்ற அச்சம் ஒவ்வொரு தெருவிலும் இருந்தது.

1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. கேடு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்பதும் அதில் உறுதியாயின. ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டம் பயின்றோர் இவற்றை அறிவர். இங்குச் சுட்ட வேண்டியது அத்தீர்ப்பின் மொழி. தோல் தொழில் நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் மக்களுக்கு வேலையும் தரும் இன்றியமையாத தொழில் என்று முதலில் ஒப்புக்கொண்டு, ஆயினும் இயற்கையை அழிக்கவும் மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கவும் அதற்கு உரிமை இல்லை என்று அது கூறுகிறது. எதிர்த் தரப்பின் உண்மையைத் தன் வாயால் சொல்லிய பிறகே அது தண்டித்தது. அநேகாந்தம் என்ற சொல் அத்தீர்ப்பில் வரவில்லை. அதன் நடை இருக்கிறது.

ஒரு சமணர் இதைப் பற்றிப் பேசும்போது இன்னும் சில பக்கங்களைக் காண வேண்டியிருக்கும். முற்காலத்தில் இங்குத் தோல் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடப்பட்டது. அதற்கு வாரக்கணக்கில் காலம் பிடித்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று மைய அரசு கொள்கை வகுத்தது. விரைவான குரோமிய முறை அதனோடு பெருகியது. ஆக, நஞ்சுக்குக் காரணம் ஆலை முதலாளியின் பேராசை மட்டும் என்பது பாதி உண்மை. அரசின் கொள்கையும், கடல்கடந்து மலிவுவிலையில் காலணி கேட்ட நாடுகளும், அந்தச் செலாவணியில் மகிழ்ந்த நாடு முழுவதும் அதில் பங்காளிகள். தோல் இடுப்புப்பட்டையும் கைப்பையும் வாங்கும் சமணக் குடும்பங்களை இப்பட்டியலிலிருந்து நீக்கிவிட முடியாது. கசப்பான செய்திதான்.

2015 சனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோலின் ஹிம்சையைப் பற்றிப் பேசுவோர் விலங்கின் உயிரை எண்ணுகின்றனர், அது முறையே. அச்சேற்றில் மூச்சடங்கிய பத்து உயிர்களையும் அதே மூச்சில் எண்ணாதவரின் பேச்சைத் தொழிலாளி ஏன் கேட்க வேண்டும்?

சமண நெறியில் நீருக்கும் உயிர் உண்டு. அப்காயிக உயிர்கள் என ஆகமம் கூறும். அதனால் ஒரு சமணருக்குப் பாலாறு என்பது உயிர்கள் வாழும் இடம் மட்டுமன்று, உயிர்த்தொகுதியே ஆகும். இது அழகிய கருத்து. ஆனால் உப்பேறிய கிணற்றோடு நிற்கும் உழவரிடம் இதைக் கொண்டு பேச்சைத் தொடங்குவது பொருத்தமில்லை. அவரிடம் கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும். தோல்ஷாப்புத் தொழிலாளியிடம் அவர் கையிலுள்ள புண்ணிலிருந்தும், கையுறை கொடுக்கப்பட்டதா என்ற கேள்வியிலிருந்தும் தொடங்க வேண்டும். திருக்குறள் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவை அறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவை அஞ்சாமைக்குத் தனியே ஓர் அதிகாரமும் வைத்திருப்பது காரணமின்றி அன்று. அவையை அறியாதவனின் அஞ்சாமை வெறும் முரட்டுத்தனமாகிவிடும்.

ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். மாதிரித் தோல் மேசைக்கு வரும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவுகிறான். உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருநாள் கேட்கிறார்: "நயினாரே, தோலைத் தொட்டதுக்குக் கை கழுவுறீங்களா, அதை எடுத்துட்டு வந்த எங்களைத் தொட்டதுக்கா?"

இக்கேள்விக்கு விடை கூறுவதுதான் கடினம். இந்நாட்டில் கை கழுவுதலுக்கு நெடிய சாதி வரலாறு உண்டு. அவன் மனத்தில் இருப்பது உயிரிரக்கமாகவே இருக்கலாம். ஆயின் எதிரே இருப்பவர் வாழ்நாளெல்லாம் கண்ட அருவருப்பின் வடிவமும் அதுவே. அங்கே ஆகமச் சான்றுகளை அடுக்கினால் பேச்சு அன்றோடு முடிந்தது. "அண்ணே, அந்த மாடு செத்ததை நினைச்சா எனக்கு மனசு கேக்கறதில்லை. ஆனா இந்தச் சம்பளத்துலதான் என் வீட்டு அடுப்பும் எரியுது. உங்களை நினைச்சுக் கழுவல" என்று அவன் சொல்வானானால், தன் பங்கை மறைக்காமல் சொல்லியவன் ஆவான். மூத்தவர் உடனே ஏற்றுக்கொள்வார் என்பதில்லை. நாளை மீண்டும் பேசுவார். அவ்வளவு போதும். அதன்பின் அவன் கை கழுவுவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். மேடையிலிருந்து முடிவு செய்யத் தக்கது அன்று அது.

உமாசுவாதி அருளிய தத்துவார்த்த சூத்திரம் வாய்மை விரதத்தை நிலைநிறுத்த ஐந்து பாவனைகளைக் கூறுகிறது. வெகுளி, அவா, அச்சம், நகை ஆகிய நான்கையும் விலக்கல். ஆய்ந்து பேசுதல் ஐந்தாவது. வெகுளியில் பொய் பிறக்கும் என்பது எவருக்கும் தெரியும். அச்சத்தை அங்கே வைத்ததுதான் அருமை. சுற்றத்தார் முகம் சுளிப்பர் என்று அஞ்சி வாய்மூடுவதும் வாய்மைக்கு ஊறு என்று ஆசிரியர் கருதினார். நகையோ இக்காலத்தின் பெரும் நோய். கைப்பேசியில் ஒருவரையொருவர் எள்ளிப் பரப்பும் படங்களில் சமண வீட்டுப் பிள்ளைகளின் பங்கும் உண்டு. அடுத்தவரின் உணவை, தொழிலை, தலைவரைக் கேலி செய்து அனுப்பும் ஒரு படம், அவ்வீட்டார் அதுவரை நோற்ற நோன்பின் மதிப்பை ஊரார் கண்ணில் குறைத்துவிடுகிறது. கேலியில் சொல்லப்பட்ட உண்மையை எவரும் உண்மைக்காக ஏற்பதில்லை. வலிக்காகவே நினைவில் வைக்கின்றனர்.

வேலூர்ச் சிறையில் 1921 இறுதி முதல் மூன்று மாதம் அடைபட்டிருந்த இராஜாஜி, அங்கு எழுதிய நாட்குறிப்பில், விடுதலை கிடைத்தவுடன் தேர்தல் ஊழலும் பணத்தின் கொடுங்கோன்மையும் நிருவாகச் சீர்கேடும் வாழ்க்கையைத் துன்பமாக்கும் என்று எழுதினார். விடுதலைக்காகச் சிறை சென்ற ஒருவர் எழுதியதால் அதனை இன்றளவும் எடுத்துப் பேசுகின்றனர். அதே கருத்தை வீட்டுத் திண்ணையில் அமர்ந்த ஒருவர் கூறியிருந்தால் வெள்ளையர்க்கு வால்பிடிப்பவர் என்றிருப்பர். ஆனால் சுமையைப் பகிர்ந்தவர்க்கும் அவை எப்போதும் வாய்ப்பதில்லை. 1942-இல் முஸ்லிம் லீகின் கோரிக்கையை ஒப்புக்கொண்டு உடன்பாடு காண வேண்டும் என்ற அவரது தீர்மானம் அலகாபாத்தில் 15-க்கு எதிராக 120 வாக்குகளால் வீழ்ந்தது. காங்கிரசிலிருந்து விலகி, கருப்புக் கொடிகளுக்கு நடுவே அவர் ஊர்தோறும் பேசினார். இன்சொல் இருந்தால் எவரும் விலகமாட்டார் என்பது உண்மையன்று. இன்சொல்லுக்குப் பின்னும் விலகுவோர் உண்டு. அவர்கள் விலகியது கருத்தினாலா, அதைச் சொன்ன முறையினாலா என்பதில் மட்டும் பேசுபவரின் பொறுப்பு அடங்கும்.

கேட்க மறுத்த செவியால் விளைந்ததையும் இவ்வூர் கண்டிருக்கிறது. 1806-இல் தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய மறுத்து, முதலில் பணிவாக முறையிட்ட சிப்பாய்களுக்குக் கசையடி கிடைத்தது. சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்தது வரலாறு.

2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மீண்டும் தீர்ப்பளித்துள்ளது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீட்டை அரசு வழங்கி, மாசுபடுத்தியோரிடமிருந்து அதனைப் பெறுமாறும், கண்காணிக்கக் குழு அமைக்குமாறும் ஆணையிட்டுள்ளது. அப்போது முதல் மனு தாக்கலாகி முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இனி அப்பேச்சு ஊர்களுக்குள் வரும். மே முதல் நாள் கிராம சபை கூடும். அது தொழிலாளர் நாளும் ஆகும். ஆற்றோரச் சிற்றூர்களில் நிலமுள்ள சமணக் குடும்பங்கள் அன்று வீட்டில் இருந்துவிடும் வழக்கத்தை இவ்வாண்டு மாற்றலாம். ஊர்க் கிணறுகளின் நீர்ச்சோதனை முடிவைச் சபையில் உரக்கப் படிக்குமாறு கேட்கலாம். அதைக் கேட்பதற்கு முன், தோல்ஷாப்பில் வேலை செய்யும் எவரேனும் அங்கு இருந்தால், அவரை முதலில் பேசச் சொல்லலாம்.